குடம் உடைந்துவிட்டது, வலி வரவில்லை: காத்திருப்பதா, ஊசியா, ஆபரேஷனா?

ராத்திரி ஒன்றரை மணிக்கு எனக்கு வரும் போன்களில் பாதி இந்தக் கேள்விதான். "அத்தை, தண்ணி போய்கினே இருக்குது, வலி மட்டும் வரல. காலையில போனா போதாதா?" இருபத்தெட்டு வருடம் லேபர் வார்டில் நர்ஸ் வேலை பார்த்துவிட்டு இப்போது காட்பாடியில் வீட்டோடு இருக்கிறேன். இருந்தாலும் அண்ணன் மகள், அவள் தோழி, எதிர்வீட்டு மருமகள் என்று யாராவது கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள், நானும் தூக்கக் கலக்கத்தில் அதே பதிலைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ஒரு தடவை உட்கார்ந்து எழுதிவிட்டால் அடுத்த முறை போனில் அனுப்பிவிடலாமே என்றுதான் இது.

குடம் உடைந்த வீட்டில் எல்லோரும் பார்ப்பது வலி எப்போது வரும் என்றுதான். டாக்டர் கேட்பது அதை இல்லை, தண்ணீர் எத்தனை மணிக்குப் போக ஆரம்பித்தது என்பதை. அதற்கு வரும் பதில் பெரும்பாலும் "சாயங்காலம் இருக்கும் மேடம்". சாயங்காலம் நாலா, எட்டா? மருந்து எப்போது தொடங்குவது, எவ்வளவு நேரம் பொறுக்கலாம் என்பதெல்லாம் அந்த மணியில் இருந்துதான் எண்ணப்படும். அதனால் கீழே படிப்பதற்கு முன்னால் ஒரு வேலை: தண்ணீர் போன உடனே மணியைப் பார்த்து கர்ப்பிணி அட்டையின் ஓரத்திலேயே எழுதிவிடுங்கள்.

பனிக்குடத்தை வெறும் தண்ணீர்ப் பை என்று நினைக்க வேண்டாம், அது வேலி. பிறப்புறுப்பில் கிருமிகள் எப்போதும் இருக்கும், அது நோய் இல்லை, எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதான். வேலி இருக்கும்வரை அவை கீழேயே கிடக்கும். உடைந்துவிட்டால் மெதுவாக மேலே ஏறும், சவ்வுக்கு, பனிநீருக்கு, நஞ்சுக்கொடிக்கு என்று. குழந்தை அந்தத் தண்ணீரை விழுங்கிக்கொண்டே இருப்பதால் அதன் நுரையீரலுக்கும் வயிற்றுக்கும் போகும். இதைத்தான் கருப்பைக்குள் தொற்று என்கிறோம், கேஸ் ஷீட்டில் கோரியோஅம்னியோனைட்டிஸ் என்று வாயில் நுழையாத பெயராக எழுதியிருப்பார்கள். ஈ.கோலை, குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ், மைக்கோபிளாஸ்மா வகையறா என்று பெரும்பாலும் கூட்டமாகத்தான் வரும்.

சரி, முதல் முடிவு: வீட்டிலேயே இருப்பதா, கிளம்புவதா.

வீட்டில் இருக்கலாம் என்பவர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். நிறைமாதப் பெண்களில், அதாவது 37 வாரம் முடிந்தவர்களில், நூற்றில் எட்டுப் பேருக்கு வலிக்கு முன்பே குடம் உடைகிறது. அவர்களில் ஏறக்குறைய 60 சதவீதம் பேருக்கு 24 மணி நேரத்துக்குள் தானாகவே வலி வந்துவிடும். தன் கட்டிலில், தன் அம்மா பக்கத்தில் படுத்திருப்பது வார்டு பெஞ்சைவிட நல்லதுதானே. எங்கள் பக்கம் ஆயாக்கள் சீரகக் கஷாயம் வைத்துக் கொடுப்பார்கள், பொய்வலி என்றால் அடங்கிவிடும், நிஜவலி என்றால் கூடும் என்பது கணக்கு. ஒரு டம்ளர் குடிப்பதால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் அது வலிக்கான சோதனை, உடைந்த குடத்துக்கு அதில் பதில் கிடையாது.

கிளம்பச் சொல்வதற்கு என் காரணம் பயம் இல்லை, பார்க்க வேண்டிய விஷயங்கள் வீட்டில் பார்க்க முடியாதவை என்பதுதான். போனது பனிநீரா, சிறுநீரா? குழந்தையின் தலை இறங்கிப் பதிந்திருக்கிறதா? இதயத்துடிப்பு எவ்வளவு? தலை பதியாமல் குடம் உடைந்தால் தொப்புள்கொடி முன்னால் நழுவி வந்துவிடலாம், அப்போது நிமிடக் கணக்குதான். ஏதாவது கயிறு மாதிரி தட்டுப்பட்டால் முட்டி போட்டு, மார்பைத் தரையோடு சேர்த்து, இடுப்பைத் தூக்கிக் குனிந்தபடியே 108-ஐக் கூப்பிடுங்கள். தண்ணீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது. நாற்றம் அடித்தால், குளிர் எடுத்தால், அசைவு குறைந்தால், ரத்தம் கலந்து போனால், இதில் எதுவாக இருந்தாலும் காலை வரைக்கும் என்ற பேச்சே வேண்டாம். இது எதுவுமே இல்லாத பெண்ணுக்கும் ஒரு விஷயம் இருக்கிறது: குடம் உடைந்த பிறகு காத்திருந்தவர்களில் வீட்டில் இருந்தவர்களையும் ஆஸ்பத்திரியில் இருந்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது வீட்டில் இருந்தவர்களின் குழந்தைகளுக்குத் தொற்று அதிகம் இருந்தது. காத்திருப்பது என்றாலும் அங்கே போய்க் காத்திருங்கள். ராகு காலம் முடியட்டும் என்று முக்கால் மணி நேரம் ஆட்டோவை வாசலில் நிறுத்தி வைத்த குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன், அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல விருப்பமில்லை.

போகும்போது சுத்தமான துணி அல்லது பேடு வைத்துக்கொள்ளுங்கள், அதை எறியாமல் நர்ஸிடம் காட்டுங்கள். நிறமும் நாற்றமும் அதில்தான் தெரியும். உள்ளே கழுவுவது, விரல் விட்டுப் பார்ப்பது எதுவும் வேண்டாம்.

எங்கே போவது என்பதில் நான் நீட்டப் போவதில்லை. ஆரம்ப சுகாதார நிலையம் கிட்டத்தில் இருந்தால் குடம் உடைந்ததை உறுதி செய்யவும் முதல் டோஸ் மருந்து போடவும் அது போதும். ஆனால் பிரசவம் நடக்க வேண்டிய இடம் ஆபரேஷன் தியேட்டர், ரத்தம், பச்சிளம் குழந்தைப் பிரிவு மூன்றும் ஒரே கூரைக்குள் இருக்கும் இடம். அரசாங்கத்தில் அப்படிப்பட்டதை சீமாங் மையம் என்பார்கள், வேலூர் ஆட்களுக்கு அது அடுக்கம்பாறை மெடிக்கல் காலேஜ் என்றால் உடனே புரியும். அங்கே பிரசவத்துக்குக் காசு இல்லை, திரும்பி வீட்டுக்குக் கொண்டுவந்து விட 102 வண்டியும் உண்டு. பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை மாதிரி மலை ஊர்ப் பெண்களுக்கு மட்டும் கணக்கு வேறு: அவர்கள் குடம் உடையும்வரைகூடக் காத்திருக்காமல் தேதி நெருங்கும்போதே கீழே இறங்கி வந்து தங்குவது நல்லது. மழையில் அந்த ரோட்டில் ஆம்புலன்ஸ் ஏறுவதும் இறங்குவதும் எவ்வளவு நேரம் ஆகும் என்று எழுதி வைத்த அட்டவணை எதுவும் கிடையாது.

இரண்டாவது முடிவுதான் வீட்டில் சண்டை வரும் இடம். அட்மிட் ஆகிவிட்டாள், எல்லாம் நன்றாக இருக்கிறது, வலி மட்டும் இல்லை. தானாக வலி வரட்டும் என்று பொறுப்பதா, வலி ஊசி, அதாவது வலி வரவைக்கும் மருந்து, போட்டு ஆரம்பித்துவிடுவதா? "ஊசி போட்டா கடைசியில ஆபரேஷன்ல தான் போய் நிக்கும்" என்று மாமியார் சொல்வார், "இன்னும் எவ்ளோ நேரம் சும்மா படுத்துகினு இருக்கறது" என்று பெண் சொல்வாள்.

இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 1996-ல் ஆறு நாடுகளில் 5,041 பெண்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. குடம் உடைந்த நிறைமாதப் பெண்களில் சிலருக்கு உடனே ஆக்ஸிடோசின் டிரிப் (நாம் வலி ஊசி என்பது இதைத்தான்), சிலருக்கு வலி வரவைக்கும் ஜெல், மீதிப் பேரை நாலு நாள் வரைக்கும் பொறுத்துப் பார்த்தார்கள். ஆபரேஷன் எல்லாக் குழுவிலும் ஏறத்தாழ 10 சதவீதம்தான், வித்தியாசம் இல்லை. குழந்தைக்குத் தொற்றும் பெரிதாக வேறுபடவில்லை. தாய்க்குக் கருப்பைத் தொற்று மட்டும் உடனே டிரிப் போட்டவர்களுக்கு 4 சதவீதம், காத்திருந்தவர்களுக்கு 8.6 சதவீதம், அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தாலும் முடிவு இதே பக்கம்தான். உலக சுகாதார நிறுவனமும் நிறைமாதத்தில் குடம் உடைந்தால் வலி வரவைக்கத்தான் சொல்கிறது. இங்கிலாந்தின் வழிகாட்டியில் உடனே ஆரம்பிப்பதா, 24 மணி நேரம் வரை பொறுப்பதா என்று பெண்ணையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள்.

அப்படியானால் மாமியார் சொன்னது தப்பா? முழுக்கத் தப்பு என்று சொல்லிவிட முடியாது. அந்த ஆய்வு நடந்த ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷனே பத்து சதவீதம். தேசிய குடும்ப நல ஆய்வு 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதம், தனியாரில் மட்டும் பார்த்தால் 63.8. இதில் முன்பே தேதி குறித்துச் செய்ததும், முதல் பிரசவம் ஆபரேஷன் என்பதால் இரண்டாவதும் ஆனதும் சேர்ந்திருக்கிறது, அதனால் நேருக்கு நேர் வைத்து ஒப்பிடக் கூடாதுதான். இருந்தாலும் ஒன்று புரிகிறது: ஊசி போடுவதால் ஆபரேஷன் வருவதில்லை, ஊசி போட்டுவிட்டுப் பொறுமை இல்லாமல் இருந்தால்தான் வருகிறது. தலைப்பிரசவத்தில் கருப்பை வாய் திறக்காமல் இறுகி இருக்கும்போது டிரிப் போட்டால் அஞ்சு சென்டிமீட்டர் வரவே பத்துப் பன்னிரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். அதை "வலி ஊசி வேலை செய்யல" என்று ஆறு மணி நேரத்தில் முடித்துவிடும் இடமா, பொறுத்துப் பார்க்கும் இடமா என்று தெரிந்துகொள்வது ஊசியா வேண்டாமா என்று வாதாடுவதைவிட முக்கியம்.

வலி ஊசியின் கெட்ட பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த வலி கொஞ்சம் கொஞ்சமாக ஏறாது, திடுமென்று பிடிக்கும். கையில் டிரிப், வயிற்றில் குழந்தையின் துடிப்பைப் பார்க்கும் சி.டி.ஜி. பெல்ட், நடக்க விடுவார்களோ மாட்டார்களோ. தானாக வலி வந்த பெண் வராண்டாவில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு உலாத்துவது இதில் கஷ்டம்.

என் கருத்தைக் கேட்டால்: தண்ணீர் தெளிவாக இருக்கிறது, காய்ச்சல் இல்லை, குழந்தை நன்றாக ஆடுகிறது, இரண்டாவது மூன்றாவது பிரசவம் என்றால் சில மணி நேரம் பொறுக்கலாம், பெரும்பாலும் அதற்குள் தானே வந்துவிடும். தலைப்பிரசவம், வாய் மூடியிருக்கிறது என்றால் தொடங்குவதற்கே நான் கை தூக்குவேன், ஏனென்றால் அந்தப் பெண்ணுக்குத்தான் மொத்த நேரம் நீளப் போகிறது. சர்க்கரை இருப்பவர்கள், பிரஷர் இருப்பவர்கள், குரூப் பி கிருமி இருப்பதாக டெஸ்ட்டில் வந்தவர்கள் காத்திருக்கவே வேண்டாம். 18 மணி நேரத்தைத் தாண்டினால் காய்ச்சல் இல்லாவிட்டாலும் பெரும்பாலான இடங்களில் ஆன்டிபயாட்டிக் ஆரம்பித்துவிடுவார்கள், போடவில்லை என்றால் கேளுங்கள். சமீபத்தில் இன்னொன்றும் வந்திருக்கிறது: பிரசவ வலியின்போது அசித்ரோமைசின் 2 கிராம் ஒரே ஒரு முறை வாயில் கொடுப்பது. இந்தியாவும் சேர்ந்த ஏழு நாட்டு ஆய்வு 2023-ல் வெளியானது, தாய்க்கு ரத்தத்தில் தொற்று ஏறுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. குழந்தைக்கு மட்டும் பலன் தெரியவில்லை.

இந்த இடத்தில் யாரும் பேசாத ஒரு விஷயம், கை. உள்ளே கை விட்டுப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் கீழே இருக்கும் கிருமியை நாமே மேலே தள்ளுகிறோம், கையுறை போட்டிருந்தாலும்தான். மேலே சொன்ன 1996 ஆய்வின் தகவல்களைத் தோண்டிப் பார்த்தபோது யாருக்குத் தொற்று வரும் என்பதை முன்கூட்டியே சொன்ன காரணங்களில் முதல் வரிசையில் வந்தது எத்தனை முறை கை விட்டுப் பார்த்தார்கள் என்பது. 1847-லேயே வியன்னாவில் செம்மல்வெய்ஸ் டாக்டர்களைக் குளோரின் தண்ணீரில் கை கழுவ வைத்து வார்டில் செத்துக்கொண்டிருந்த தாய்மார்களைக் காப்பாற்றிக் காட்டினார். அந்த ஆளைப் பைத்தியம் என்றார்கள். இன்றைக்குக் கை கழுவாதவர் இல்லை, ஆனால் டியூட்டி மாறியவுடன் ஒரு தடவை, பெரிய டாக்டர் ரவுண்ட்ஸுக்கு முன் ஒரு தடவை, ஸ்டூடன்ட் கற்றுக்கொள்ள ஒரு தடவை என்று எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். நானும் அதில் பங்கு உள்ளவள்தான். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை போதும் என்பதுதான் கணக்கு. அதற்கு மேல் வந்தால் சண்டை போட வேண்டாம், "மேடம், இப்போ பார்த்தா ஏதாவது முடிவு மாறுமா?" என்று மட்டும் கேளுங்கள். நிறைய பேர் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

மூன்றாவது முடிவு, நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். பாதி வலியில் இருக்கிறாள், ஏழு சென்டிமீட்டர் திறந்திருக்கிறது, காய்ச்சல் வந்துவிட்டது. இப்போது என்ன?

முதலில் அது காய்ச்சல்தானா என்று பாருங்கள். வேலூர் கத்திரி வெயிலில் ஃபேன் மெதுவாகச் சுற்றும் வார்டில் எல்லோர் நெற்றியும்தான் சுடும். தொட்டுப் பார்ப்பது கணக்கில் வராது, தெர்மாமீட்டர் வேண்டும். 102.2 டிகிரி ஃபாரன்ஹீட் ஒரு தடவை காட்டினாலே காய்ச்சல்தான். 100.4-இல் இருந்து அதற்குள் என்றால் அரை மணி கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அதோடு குழந்தையின் துடிப்பு நிமிடத்துக்கு 160-க்கு மேலேயே நிற்கிறதா, தாயின் நாடி நூறைத் தாண்டிவிட்டதா, தண்ணீர் நாறுகிறதா, வலி விட்ட நேரத்திலும் அடிவயிற்றைத் தொட்டால் நோகிறதா. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் 15,000-க்கு மேல் என்பதையும் சேர்ப்பார்கள், ஆனால் பிரசவ வலியிலேயே அது ஏறும், ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தாலும் ஏறும், அதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. முதுகில் வலி மறக்க ஊசி, அதான் எபிடியூரல், போட்டவர்களில் சிலருக்குக் கிருமியே இல்லாமலும் காய்ச்சல் வரும்.

தொற்றுதான் என்று சந்தேகம் வந்துவிட்டால் இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ளும் வேலை ஒன்று உண்டு: உடனே, பிறந்த பிறகு இல்லை, இப்போதே ஆன்டிபயாட்டிக். வழக்கமாக ஆம்பிசிலின் 2 கிராம் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, கூடவே ஜென்டமைசின், இரண்டும் நரம்பு வழியாக. பிறப்பதற்கு முன்பே தாயின் உடம்பில் மருந்து ஏறினால் நஞ்சு வழியாகக் குழந்தைக்கும் போய்விடும், குழந்தையின் ரத்தத்தில் கிருமி பிடிப்பது குறையும். பாரசிட்டமாலும் கொடுப்பார்கள். தாயின் சூடு தணிந்தால் குழந்தையின் படபடப்பும் தணியும், இதயத்துடிப்பு உண்மையில் எப்படி இருக்கிறது என்பது அப்போதுதான் தெளிவாகத் தெரியும்.

இதற்கப்புறம்தான் இரண்டு வழி பிரிகிறது. "கிருமி ஏறிடுச்சு, உடனே ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்" என்பது ஒன்று. "மருந்து போகுது, வலி நல்லா இருக்கு, சுகப்பிரசவத்துக்கே பார்க்கலாம்" என்பது மற்றது. கேட்டவுடன் முதலாவதுதான் பத்திரம் மாதிரி தோன்றும். வீட்டு வாசலில் பாம்பு வந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம் இல்லையா, அந்த மாதிரி. ஆனால் தொற்று என்ற ஒரே காரணத்துக்காக ஆபரேஷன் செய்ய வேண்டியதில்லை என்பதுதான் பெரிய மருத்துவ அமைப்புகள் சொல்வது.

ஏன் என்று யோசித்தால் புரியும். தொற்று பிடித்த கருப்பை வீங்கிச் சோர்ந்த தசை. அது சரியாகச் சுருங்காது, அதனால் வலி மந்தமாகும், டிரிப்பின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டிவரும், வாய் திறப்பது நின்றுவிடும். ஆகவே தொற்று வந்தவர்களில் ஆபரேஷன் அதிகமாவது உண்மைதான். ஆனால் அதே சோர்ந்த தசையை வெட்டித் தைத்தால்? ரத்தம் நிற்காமல் போகும், கிருமி நிறைந்த தண்ணீர் வயிற்றுக்குள் சிந்தும், தையல் சீழ் பிடிக்கும், கருப்பையின் உட்சுவர் புண்ணாகும். தொற்று பெண்ணை ஆபரேஷனை நோக்கித் தள்ளவும் செய்கிறது, அந்த ஆபரேஷனையே மோசமாக்கவும் செய்கிறது. சுகப்பிரசவத்திலும் ரத்தப்போக்கு பயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் ஆபரேஷனில் அதோடு இன்னும் நாலு சேர்ந்து வரும்.

நேரம் போய்க்கொண்டே இருந்தால் குழந்தைக்கு என்ன ஆகும் என்று பதறுவீர்கள். மருந்து போய்க்கொண்டிருக்கும்போது, தொற்று என்று தெரிந்ததில் இருந்து பிறப்பது வரைக்கும் ஆன மணி நேரம் கூடியதால் குழந்தைக்கு ரத்தத்தில் தொற்று கூடியதாக ஆய்வில் தெரியவில்லை. நேரம் நீண்டால் தாயின் கருப்பை சோர்வதும் ரத்தம் ஏற்ற வேண்டி வருவதும் கூடும். அதனால் ஆற அமர இருக்கவும் கூடாது. டிரிப்பை முறையாக ஏற்றி, வலியைச் சரியான அளவில் வைத்து, விடாமல் முன்னேற வைக்க வேண்டும்.

எந்த நேரத்தில் ஆபரேஷன்தான் சரி? குழந்தையின் துடிப்பு கீழே விழுந்து விழுந்து மீண்டால், அல்லது மீளாமலே இருந்தால். நல்ல வலி இருந்தும் மணிக்கணக்கில் வாய் திறக்காமல் நின்றுவிட்டால். தாய்க்கு பிரஷர் இறங்கி, மூச்சு வாங்கி, பேச்சு குழறினால், அதுவும் பிரசவம் இன்னும் தூரத்தில் இருந்தால். குழந்தை குறுக்கே கிடந்தால். அப்போது ஒரு நிமிடம் யோசிக்காமல் கையெழுத்துப் போடுங்கள். ஆபரேஷனுக்குப் போகும்போது மெட்ரோனிடசோலோ கிளிண்டாமைசினோ சேர்த்துப் போடுவார்கள், தியேட்டரில் பிறப்புறுப்பைப் பெட்டாடைன் கொண்டு துடைப்பார்கள். இந்த இரண்டும் பிறகு வரும் கருப்பைப் புண்ணை நன்றாகவே குறைக்கும்.

இரண்டு பெண்களைச் சொல்கிறேன். ஒருத்தி மலையடிவாரத்துப் பெண், பத்தொன்பது வயது, தலைப்பிரசவம். குடம் உடைந்து இரண்டு நாள் கழித்து 103 டிகிரி காய்ச்சலோடு கொண்டுவந்தார்கள், "வலி வந்தா போகலாம்னு இருந்தோம்" என்று. ஆறு சென்டிமீட்டர். அன்றைக்கு இருந்த டாக்டரம்மா அவசரப்படவில்லை, மருந்தைப் போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, டிரிப்பை அளந்து அளந்து கூட்டி, ஐந்து மணி நேரம் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கடைசியில் வாக்குவம், அதாவது தலையில் உறிஞ்சு கப், வைத்து எடுத்தோம். நஞ்சு வந்த பிறகு ரத்தம் கொட்டியது, அதற்கும் ஊசி எல்லாம் தயாராக எடுத்து வைத்திருந்ததால் நின்றது. குழந்தை ஏழு நாள் மருந்தில் இருந்துவிட்டு வீட்டுக்குப் போனது.

இன்னொருத்தி என் தங்கை மகள். வேறொரு ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. எட்டு சென்டிமீட்டர், 101 காய்ச்சல், குழந்தையின் துடிப்பு 170. ராத்திரி பதினொரு மணிக்கு "மயக்க டாக்டர் இப்ப இருக்கார், அப்புறம் கூப்பிட்டா வர லேட் ஆகும்" என்று சொல்லி ஆபரேஷன் செய்தார்கள். முதல் டோஸ் ஆன்டிபயாட்டிக்கே தியேட்டரில்தான் போட்டார்கள். ஆறாம் நாள் தையல் பிரிந்தது, மூன்று வாரம் தினமும் டிரெஸ்ஸிங். வெகு நாள் அந்த டாக்டர் மேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போது யோசித்தால் முழுதாகக் குறை சொல்ல மனசு வரவில்லை. ராத்திரியில் ஒரே ஒரு நர்ஸ், துடிப்பு விழுந்தால் உடனே தியேட்டர் கிடையாது, மயக்க டாக்டர் கிளம்பிவிட்டால் அதோடு சரி. அந்த இடத்தில் அந்த முடிவைத் தவிர வேறு வழி இருந்திருக்காது. இடத்தைத்தான் முதலிலேயே மாற்றியிருக்க வேண்டும். மருந்தை முன்கூட்டியே போடாததற்கு மட்டும் எந்தச் சமாதானமும் இல்லை.

அதனால் ஆபரேஷன் என்று சொன்னால் "ஏன்" என்று கேட்பதில் தப்பில்லை, ஆனால் கேட்கும் கேள்வி சரியாக இருக்க வேண்டும். காய்ச்சலுக்காகவா, குழந்தையின் துடிப்புக்காகவா, வாய் திறக்காததற்காகவா? ஆன்டிபயாட்டிக் எத்தனை மணிக்குப் போட்டீர்கள்? இன்னும் இரண்டு மணி நேரம் பொறுத்தால் எதைப் பார்த்து முடிவு செய்வீர்கள்? காரணம் உள்ள டாக்டர் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

நிறைமாதம் ஆகாமல் குடம் உடைந்தால் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. 34 வாரத்துக்கு முன்னால் என்றால் தொற்று இல்லாதவரை குழந்தையை உள்ளேயே வைத்திருக்கப் பார்ப்பார்கள், நுரையீரல் முதிர்வதற்கு ஸ்டீராய்டு ஊசி, எரித்ரோமைசின் மாத்திரை, படுக்கையில் நாள்கணக்கில் கண்காணிப்பு. தொற்று வந்துவிட்டால் எத்தனை வாரம் என்றாலும் குழந்தை வெளியே வந்தாக வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. இது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

பிறந்த பிறகு குழந்தையை எடுத்துக்கொண்டு போய் ரத்தம் எடுப்பார்கள், மருந்து போடுவார்கள். வீட்டில் "கிருமி இருக்கற பால் குடுக்காதே" என்று யாராவது சொல்வார்கள், அதைக் காதில் வாங்க வேண்டாம். இந்தத் தொற்று பால் வழியாகப் போவதில்லை, தாய்க்குப் போட்ட ஆம்பிசிலினும் ஜென்டமைசினும் பால் கொடுக்கத் தடையில்லை. உள்ளே வைத்திருந்தால் கறந்தாவது அனுப்புங்கள்.

வீட்டுக்கு வந்த பத்து நாளைக்குத் தெர்மாமீட்டரைத் தலைமாட்டிலேயே வையுங்கள். பச்சை உடம்புக்காரிக்குக் காய்ச்சல் வந்தால் பால் கட்டிக்கொண்டதால் வந்த ஜுரம், ஜன்னலைத் திறந்ததால் குளிர் பட்டது என்று நாமே காரணம் கண்டுபிடித்துவிடுவோம். மார்பு கல் மாதிரி இருந்தால் பாலாக இருக்கலாம்தான். மார்பு மெத்தென்று இருந்து, தீட்டு நாறி, அடிவயிறு நோகிறது என்றால் கருப்பைக்குள் இன்னும் கிருமி இருக்கிறது. அன்றைக்கே, ராத்திரியானாலும், பிரசவம் பார்த்த இடத்துக்கே திரும்பிப் போங்கள், குடம் உடைந்த மணி எழுதிய அந்த அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு.